ஓர் ஊரின் அனர்த்த இடரை அளப்பது எப்படி?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் காணி விலை கைக்கெட்டாமல் போனபின், கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் பல ஹோமாகம, பாதுக்கை, ஹங்வெல்ல, அவிசாவளைப் பக்கம் இடம் தேடுகின்றன. காணி பார்க்கப் போகிறவர் முதலில் கேட்பது, "இங்கே தண்ணி ஏறுமா?" தரகர் சொல்வது, "சேச்சே, எண்பத்தொன்பது வெள்ளத்திலயே ஏறல்ல." பேச்சு அத்தோடு விலைக்குத் தாவிவிடும்.

அந்த ஒரு கேள்வி போதாது. எவ்வளவு உயரம் ஏறும்? எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை? ஏறும்போது வீட்டில் யார் இருப்பார்கள்? வெளியேறும் வழி அப்போதும் திறந்திருக்குமா? தண்ணீரைத் தவிர வேறென்ன வரும்? இப்படிப் பிரித்துக் கேட்டு, கிடைத்த பதில்களைத் தாளில் எழுதி, எதை முதலில் சரிசெய்வது என்று முடிவெடுப்பதைத்தான் இடர் மதிப்பீடு என்கிறோம். இதற்குப் பொறியியல் பட்டம் வேண்டாம். ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கு இதை நாலைந்து பேர் இரண்டு வார இறுதிகளில் செய்துவிடலாம்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். ஆற்று வெள்ளம், மண்சரிவு, மின்னல், கடுங்காற்று, வரட்சி இவை ஆபத்துகள். ஆள் நடமாட்டமில்லாத காட்டில் ஒரு மலைச்சரிவு இடிந்து விழுந்தால் யாருக்கும் ஒன்றும் இல்லை. அதே சரிவின் கீழே ஒரு லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) இருந்தால் கதை வேறு. ஆபத்து, அதன் வழியில் இருக்கும் ஆட்களும் உடைமைகளும், அவர்கள் எவ்வளவு எளிதில் அடிபடுவார்கள் என்பது, அடிபட்டபின் எழுந்து நிற்க அவர்களிடம் என்ன இருக்கிறது என்பது ஆகிய நான்கும் சேர்ந்ததே இடர். முதல் மூன்றில் எது கூடினாலும் இடர் கூடும். நான்காவது கூடினால் இடர் குறையும்.

2014 ஒக்டோபர் 29 காலை பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த மலை ஆபத்தானது என்பது அதற்கு முன்பே தெரியும். 2005, 2011 ஆகிய ஆண்டுகளிலேயே மக்களை இடம்மாற்றச் சொல்லி எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. ஆபத்தை அறிந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த மக்களுக்குப் போய்க் குடியேறச் சொந்தமாக ஒரு பேர்ச் காணி இருக்கவில்லை. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். அதே மண் நள்ளிரவில் இறங்கியிருந்தால் அவர்களும் வீட்டில்தான் இருந்திருப்பார்கள். மலையின் சாய்வை மட்டும் அளந்து மதிப்பீட்டை முடிக்கக்கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

எந்த இடத்தை மதிப்பிடுகிறோம்?

கொழும்பு மாவட்டத்தில் 13 பிரதேச செயலகப் பிரிவுகள், 557 கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் உள்ளன. கொழும்பு என்றதும் காலிமுகத்திடலும் கடலும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் உள்ள சீதாவாக்கைப் பிரிவு உள்நாட்டு நாட்டுப்புறம்: இறப்பர்த் தோட்டங்கள், வயல்கள், குன்றுகள், நடுவே களனி கங்கை. சுனாமி அங்கே எட்டாது. ஆனால் ஆற்று வெள்ளமும் மண்சரிவும் ஒரே நாளில் வரக்கூடிய நிலம் அது. கனமழைக் காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடும் மண்சரிவு எச்சரிக்கைகளில் சீதாவாக்கையின் பெயரும் வரும். கொழும்பில் மண்சரிவா என்று வியப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எல்லையை வரையும்போதே முதல் தவறு நடந்துவிடுகிறது. மதிப்பிடுபவர்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவின் எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகிறார்கள். தண்ணீருக்கு அந்த எல்லை தெரியாது. ஹங்வெல்லயில் ஏறும் வெள்ளம் கித்துல்கலை, தெரணியகலைப் பக்க மலைகளில் பெய்த மழை. அதனால் வரைபடத்தில் இரண்டு கோடுகள் வேண்டும்: ஒன்று உங்கள் பிரிவின் நிர்வாக எல்லை, மற்றது உங்களை நோக்கித் தண்ணீரும் மண்ணும் வரக்கூடிய மேல்நிலத்தின் எல்லை. நில அளவைத் திணைக்களத்தின் சமவுயரக் கோட்டு வரைபடம் இருந்தால் இரண்டாவது கோட்டை எளிதாக வரையலாம்.

பழைய தண்ணீரின் தடம்

அடுத்தது ஊரின் நினைவைத் திரட்டுவது. களனிப் பள்ளத்தாக்கில் 1947, 1989, 2016 என்று வயதானவர்கள் வாயில் வரும் ஆண்டுகள் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் இப்போது அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. "பெரிய வெள்ளம்" என்ற சொல்லோடு நிற்காமல், ஒவ்வொருவரிடமும் ஒரு பொருளைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்: எந்தப் படி, எந்த யன்னல், கோயில் மண்டபத்தின் எந்தத் தூண். நினைவில் ஆண்டு பிசகும். சுவரைத் தொடும் கை அவ்வளவு பிசகாது. மூன்று வீடுகளில் காட்டிய உயரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவந்தால் நம்பலாம்.

காட்டிய உயரத்தை உங்கள் காணிக்குக் கொண்டுவர மேசன்மார் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாயே போதும். 15 மீற்றர் நீளமான, ஒளி ஊடுருவும் மெல்லிய குழாயில் தண்ணீர் நிரப்புங்கள். நுனிகளில் ஒவ்வோர் அடி காலியாக விடுங்கள். ஒருவர் பக்கத்து வீட்டுச் சுவரிலுள்ள சேற்றுத் தடத்தருகே ஒரு நுனியைப் பிடிக்க, மற்றவர் உங்கள் காணியில் நட்ட கம்பத்தோடு மறு நுனியைப் பிடிக்க வேண்டும். முதலாமவர் பக்கத்தில் தண்ணீர் மட்டம் சேற்றுக் கோட்டோடு சரியாக நிற்கும்வரை இருவரும் நுனிகளை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். அப்போது கம்பத்தில் தண்ணீர் நிற்கும் இடம்தான் அந்த வெள்ளத்தின் மட்டம். அங்கிருந்து நிலம்வரை அளந்தால், உங்கள் காணியில் எத்தனை அடி நின்றிருக்கும் என்பது தெரிந்துவிடும்.

இதில் பிழை வருவது இரண்டு இடங்களில். குழாய்க்குள் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். அதனால் தொடங்குமுன் இரு நுனிகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, வெள்ள நீர் குளம்போல் சமமாக நிற்பதில்லை, ஆற்றின் போக்கில் சரிந்தே ஓடும். ஆகவே ஒரு தடத்தை நூறு மீற்றருக்கு அப்பால் கொண்டுபோக வேண்டாம், அங்கே வேறு தடம் தேடுங்கள். கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் காட்டும் உயரத்தை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது. அது பல மீற்றர் பிசகும். வெள்ள விடயத்தில் ஓர் அடி என்பது கட்டில் நனைவதா இல்லையா என்ற வித்தியாசம்.

"நூறாண்டு வெள்ளம்" என்றால்

நூறாண்டில் ஒருமுறை வரும் வெள்ளம் என்று சொன்னால், இப்போது வந்துவிட்டதால் பேரப்பிள்ளை காலம்வரை கவலையில்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. ஒவ்வோர் ஆண்டும் அது வருவதற்கு 100க்கு 1 வாய்ப்பு என்பதே அதன் பொருள். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளிலும் வரலாம். வீட்டுக் கடன் முடியும் 30 ஆண்டுகளுக்குள் ஒருமுறையாவது வர 26 சதவீத வாய்ப்பு உண்டு. ஐம்பதாண்டு வெள்ளத்துக்கு அதே காலத்தில் 45 சதவீதம். பத்தாண்டு வெள்ளத்துக்கு 96 சதவீதம், அதாவது வரும் என்றே எழுதிக்கொள்ளலாம்.

பழைய தடங்களை மட்டும் நம்பவும் முடியாது. வயல் நிரப்பப்பட்டு, ஓடை குறுகி, மேலே புதுவீதி போடப்பட்டிருந்தால் 1989இல் ஏறாத இடத்தில் அதைவிடக் குறைந்த மழைக்கே தண்ணீர் ஏறும். தரகர் அந்த ஆண்டைப் பற்றி உண்மையே சொல்லியிருக்கலாம். அந்த நிலம்தான் இப்போது இல்லை.

ஆற்றின் எண்ணும் உங்கள் ஒழுங்கையும்

நீர்ப்பாசனத் திணைக்களம் களனி கங்கையின் மட்டத்தைப் பல இடங்களில் அளந்து வெளியிடுகிறது. ஹங்வெல்லயில் 7 மீற்றர் எச்சரிக்கை நிலை, 8 மீற்றர் சிறு வெள்ளம், 10 மீற்றர் பெருவெள்ளம். கொழும்பு நாகலகம் வீதியில் கணக்கு அடியில்: 4 அடி எச்சரிக்கை, 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். ஒரே அறிக்கையில் இரண்டு அலகுகள் வருவதால் குழம்புபவர்கள் ஏராளம். 7 என்ற எண்ணை மட்டும் குரல்பதிவில் அனுப்பினால், ஹங்வெல்லக்காரர் அதை ஒருமாதிரியும் மட்டக்குளிக்காரர் வேறுமாதிரியும் விளங்கிக்கொள்வார்கள். எண்ணோடு இடத்தையும் அலகையும் நேரத்தையும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.

ஹங்வெல்லயில் 8 மீற்றர் என்றால் வீதியில் 8 மீற்றர் தண்ணீர் என்று அர்த்தமில்லை. அது அளவுகோலின் பூச்சியத்திலிருந்து எண்ணும் உயரம். அந்த எண் உங்கள் ஒழுங்கையில் என்னவாகிறது என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கொப்பி போடுங்கள். மட்டம் 7.5ஆக இருந்தபோது தண்ணீர் எங்கே நின்றது, 8.2இல் எந்த மதகை மூடியது, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். இரண்டு மூன்று மழைக்காலங்களில், "ஹங்வெல்ல இந்த எண்ணைத் தொட்டால் எங்கள் சந்தி மூடப்படும், நமக்கு இத்தனை மணித்தியாலம் இருக்கிறது" என்று சொல்லும் நிலைக்கு ஊர் வந்துவிடும். இந்தக் கொப்பிக்கு ஈடான வரைபடம் எந்த அலுவலகத்திலும் இல்லை.

கீழே கொழும்புப் பக்கத்தில் இன்னொன்றும் நடக்கும். மலைநாட்டு மழை இறங்கிவர நேரமெடுப்பதால், கொழும்பில் வானம் வெளுத்தபிறகும் ஆறு ஏறிக்கொண்டிருக்கும். ஆற்று மட்டம் உயர்ந்திருக்கும்போது உள்நாட்டுக் கால்வாய்த் தண்ணீர் ஆற்றுக்குள் இறங்க வழியில்லாமல் தாழ்நிலங்களில் தேங்கும். வெயில் அடிக்கிறதென்று பொருட்களைக் கீழே இறக்கிவைத்து நனையவிட்டவர்கள் இதைத்தான் தவறவிட்டார்கள்.

மலையடியில் நின்று மேலே பாருங்கள்

மண்சரிவுக்கு வீடு செங்குத்தான இடத்தில் இருக்க வேண்டியதில்லை. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டம் அரநாயக்கவில் சரிந்த மண் ஏறக்குறைய 2 கிலோமீற்றர் ஓடியது. அடிவாரத்தில் சமதளத்தில் இருந்தவர்களும் அதில் அகப்பட்டார்கள். எனவே "எங்கள் வீடு மேட்டில் இல்லையே" என்பது பதிலாகாது. மேலே என்ன இருக்கிறது, அது வழிந்தால் எந்தப் பள்ளத்தின் வழியாக இறங்கும் என்பதைப் பாருங்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பாறை அமைப்பு, மேல்மண், சாய்வு, நீரோட்டம், நிலப் பயன்பாடு, நிலவடிவம் ஆகியவற்றைச் சேர்த்து மண்சரிவு அபாய வரைபடங்களை 1:50,000, 1:10,000 அளவுகளில் தயாரிக்கிறது. 1:10,000 வரைபடத்தில் ஒரு மில்லிமீற்றர் என்பது நிலத்தில் 10 மீற்றர், ஏறத்தாழ ஒரு வீட்டின் அகலம். வலயத்தின் விளிம்பில் உங்கள் காணி விழுந்தால் வரைபடத்தோடு நிற்காமல் நேரில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வீடு கட்டுமுன் கேட்பதுதான் மலிவு.

நடைமுறையில் அடிக்கடி இடிவது இயற்கைச் சரிவைவிட, வீட்டுக்காக நாம் செங்குத்தாக வெட்டிய பின்பக்க மண்மேடுதான். சமையலறைக்கும் மண்மேட்டுக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கும் இடைவெளிகூட இல்லாத வீடுகள் பல. போதாததற்குக் கூரைத் தண்ணீரும் மேட்டின் தலையில் விழும். 1,000 சதுர அடிக் கூரையில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால் சுமார் 14,000 லீற்றர் தண்ணீர். அதைப் பீலி போட்டு, மேட்டில் இறங்காமல் ஓடைக்குக் கொண்டுபோவது ஒரு வார இறுதி வேலை.

மண் நகரத் தொடங்கியதற்கு அடையாளங்கள் உண்டு: நிலத்தில் பிறைபோன்ற வெடிப்பு, சாய்ந்த மரங்களும் மின்கம்பங்களும், காரணமில்லாமல் இறுகும் கதவு யன்னல்கள், தெளிந்த ஊற்று திடீரென்று கலங்குவது, பழைய ஊற்று வற்றிப் புது இடத்தில் பீறிடுவது. மழை நாளில் கடைசி இரண்டில் ஒன்றைக் கண்டாலே மதிப்பீடு செய்யும் நேரம் முடிந்துவிட்டது, உடனே வெளியேற வேண்டும்.

மண்சரிவுக்கான மழையளவு எச்சரிக்கை மூன்று படிகள் கொண்டது. 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. கடந்தால் மஞ்சள், விழிப்பாக இருங்கள். 100 மி.மீ. கடந்தால் செம்மஞ்சள், புறப்படத் தயாராகுங்கள். 150 மி.மீ. கடந்தால், அல்லது ஒரு மணித்தியாலத்தில் மட்டும் 75 மி.மீ. பெய்தால் சிவப்பு, வெளியேறுங்கள். மலைநாட்டில் ஒரு குன்றுக்கு அப்பால் மழையளவு வேறாகிவிடும் என்பதால், ஊருக்கென்று ஒரு மழைமானி வேண்டும். பக்கங்கள் நேராக உள்ள 1.5 லீற்றர் போத்தலின் தலையை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனலாக வைக்கலாம். அடி மேடுபள்ளமாக இருக்கும், அதனால் கூழாங்கல் போட்டு நேர்ப்பகுதி தொடங்கும்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூச்சியக் கோடு இடுங்கள். அதற்குமேல் அளவுநாடாவை ஒட்டினால் மில்லிமீற்றர் நேரடியாகத் தெரியும். மரத்தடியிலோ கூரை ஓரத்திலோ வைக்கக்கூடாது. தினமும் காலை 8.30க்கு வாசித்து, பூச்சியக் கோடுவரை கொட்டிவிடுங்கள். கனமழையில் மணிக்கொருமுறை வாசிக்க வேண்டும். இத்தகைய போத்தல் 150 மி.மீ. அளவில் நிரம்பி வழியக்கூடும், எனவே பாதியைத் தாண்டியதும் குறித்துவிட்டுக் கொட்டுங்கள்.

வீட்டுக்குள் யார்?

இந்தப் பகுதியைத்தான் பெரும்பாலான அறிக்கைகள் ஓர் அட்டவணையோடு கடந்துவிடுகின்றன. அப்படிச் செய்யவேண்டாம். கிராம உத்தியோகத்தரிடம் குடும்பப் பட்டியல் இருக்கும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் எந்த வீட்டில் என்பது குடும்பநல மாதுவுக்குத் தெரியும். படுக்கையில் இருக்கும் பாட்டியை யார் தூக்குவது, எத்தனை பேர் வேண்டும் என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியும். மூவரையும் ஒன்றாக உட்காரவைத்து, வரைபடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு எண்கள் எழுதுங்கள்: பகலில் எத்தனை பேர், இரவில் எத்தனை பேர். தாமாக நடக்க முடியாதவர் இருக்கும் வீட்டைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள்.

பிறகு வழி. கொழும்பிலிருந்து ஹங்வெல்லக்குப் போகும் லோ லெவல் (தாழ்மட்ட) வீதி பெயருக்கேற்றபடி ஆற்றோரத் தாழ்நிலத்தில் போகிறது. வீடு மூழ்குவதற்கு முன்பே பாதை மூழ்கும் இடங்கள் உண்டு. ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் பாதுகாப்பான இடம்வரை நடந்து பார்த்து நேரம் குறியுங்கள். இரவில், மழையில், முதியவரோடு அந்த நேரம் இரட்டிப்பாகும் என்று கணக்கிடுங்கள். எச்சரிக்கை எந்த மொழியில், எத்தனை மணிக்கு, யார் கைத்தொலைபேசிக்கு வந்தது என்பதையும் கேட்டு எழுத வேண்டும். தமிழ்க் குடும்பங்கள் சிதறி வாழும் ஊரில் சிங்களத்தில் மட்டும் வந்த ஒலிபெருக்கி அறிவிப்பு பாதிப் பேருக்கு வெறும் சத்தம்தான். அப்படியான ஊரில் மொழிபெயர்த்துச் சொல்லப் பெயர் குறித்த ஒருவர் இருப்பது ஒரு மதிலுக்குச் சமம்.

புள்ளி போடுவதில் உள்ள பொறி

வழக்கமான முறையில், வர வாய்ப்புக்கு 1 முதல் 5, விளைவுக்கு 1 முதல் 5 என்று புள்ளியிட்டுப் பெருக்குவார்கள். தொடங்குவதற்கு நல்லது. ஆனால் ஆண்டுதோறும் முற்றத்தை நனைக்கும் வெள்ளம் 5 × 1 = 5. ஒரு தலைமுறைக்கு ஒருமுறை லயத்தை விழுங்கக்கூடிய சரிவு 1 × 5 = 5. இரண்டும் ஒரே எண்ணா? உயிர்ச்சேதம் வரக்கூடியவற்றைத் தனித்தாளில் எழுதி, புள்ளி எதுவானாலும் அவற்றுக்கு முதலில் வழிதேட வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து. பெருக்கல் பொருட்சேதத்துக்கு மட்டும்.

பொருட்சேதத்தை ரூபாயிலும் பார்க்கலாம். பத்தாண்டு வெள்ளம் ஒரு வீட்டுக்கு 3 இலட்சம் ரூபாய் சேதம் தரும் என்று வைத்துக்கொள்வோம், ஆண்டுச் சராசரி 30,000. ஐம்பதாண்டு வெள்ளம் 20 இலட்சம் என்றால் ஆண்டுச் சராசரி 40,000. அரிதாக வருவதுதான் கூடுதல் செலவு. வீட்டுத் தளத்தை இரண்டு அடி உயர்த்துவதா, மின்சாரப் பிளக்குகளை இடுப்புக்கு மேலே ஏற்றுவதா, பத்திரங்களை மாடியில் வைப்பதா என்று தீர்மானிக்க இந்தக் கணக்கு உதவும்.

மற்ற ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மின்னல் மார்ச் – ஏப்ரல், ஒக்டோபர் – நவம்பர் மாதப் பிற்பகல்களில் கூடுதல். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 3 விநாடி என்றால் ஒரு கிலோமீற்றர் தூரம், வயலில் நிற்பவர்கள் அதற்கு வெகு முன்பே கூரைக்குள் வந்திருக்க வேண்டும். காற்றுக்கு, கூரைத் தகட்டின் ஆணிகளையும் வீட்டின்மேல் விழக்கூடிய முதிர்ந்த இறப்பர் மரங்களையும் எண்ணுங்கள். வரட்சிக்கு, எந்தக் கிணறு எந்த மாதம் வற்றுகிறது என்ற பட்டியல் போதும். வெள்ளம் வடிந்தபின் வரும் எலிக்காய்ச்சலையும் சேர்த்து எழுதுங்கள். வயலிலும் சேற்றிலும் இறங்குபவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டுத் தடுப்பு மருந்து எடுக்க வேண்டும்.

முடித்த வரைபடத்தின் ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்துக்குக் கொடுங்கள். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் உருவான அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117, அதை வரைபடத்தின் தலையில் பெரிதாக எழுதுங்கள். இன்னொரு பிரதி ஊரில் எல்லோர் கண்ணிலும் படும் கடைச் சுவரில் இருக்கட்டும். தென்மேல் பருவமழை தொடங்கும் மே மாதத்துக்கு முன்னும், ஒக்டோபருக்கு முன்னும் அதைக் கழற்றி, புதிதாக வந்த வீடு, நிரப்பிய வயல், வெட்டிய மேடு, பிறந்த குழந்தை, நடக்க முடியாமல் போன முதியவர் என்று திருத்தி, கீழே திகதி போட்டு மீண்டும் ஒட்டுங்கள்.